சொன்னதைக் கேட்ட குழாய்

மே 11

எங்கள் தாழ்வயல்களை மூழ்கடிப்பது ஆறு அல்ல. நான் வேலை பார்க்கும் அலுவலகம்.

ஆற்றைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மழை பெய்தால் ஏறும், விட்டால் இறங்கும். யாரிடமும் கையெழுத்து கேட்டதில்லை. கரையில் ஒரு மதகு இருக்கிறது. ஆறு ஏறும்போது அதன் இரும்புக் கதவை இறக்கினால் வெள்ளம் வயலுக்குள் வராது. ஆறு இறங்கும்போது தூக்கினால் வயலில் தேங்கிய மழைத்தண்ணீர் ஆற்றுக்குப் போய்விடும். மற்ற ஊர்களில் தண்ணீரைக் கொண்டுவருவது பாசனம். எங்களுக்கு அதை மரியாதையாக வழியனுப்பி வைப்பதுதான் பாசனம்.

அந்தக் கதவின் அடிப்பக்கம் துருவில் அரித்துப்போய்விட்டது. ஓரத்து ரப்பர் எப்போதோ உதிர்ந்துவிட்டது. இறக்கினாலும் ஒன்றுதான், இறக்காவிட்டாலும் ஒன்றுதான். போன வருஷம் அண்ணனின் நெல் அழுகியது. அதற்கு முந்தின வருஷமும். மதகுக்காரர் ஓய்வுபெற்ற பிறகு புது ஆள் கிடையாது. கதவைத் திருகி ஏற்றும் இரும்புச் சக்கரத்தைக்கூடக் கழற்றிக்கொண்டு வந்து எங்கள் அலுவலக அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். பாதுகாப்பாம். யாருக்கு?

புதுக் கதவு கேட்டு ஊர் எழுதிய மனுவுக்கு இன்று பதில் வந்தது. நான்தான் கணினியில் ஏற்றினேன். கதவுக்கு இந்த ஆண்டு நிதி இல்லை. சொட்டுநீர்ப் பாசனத்துக்கு இருக்கிறது. விருப்பமுள்ள விவசாயிகள் விண்ணப்பிக்கலாம்.

முழுகுகிறவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர்.

மே 12

அண்ணனிடம் சொன்னேன். கோபப்படுவான் என்று நினைத்தேன் – என் புத்தி! சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் புரையேறச் சிரித்தான்.

"நமக்கு எதுக்கு மிளகா சொட்டுநீர்? அதான் வானமே சொட்டிக்கிட்டிருக்கே. வீட்டுக்குள்ள வேற சொட்டுது."

உண்மைதான். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு வாளி, என் கட்டிலுக்குக் கீழே ஒரு கிண்ணம். மிளகா என்பது நான்தான். பேசக் கற்ற நாளிலிருந்து எனக்கு அந்தப் பெயர்.

அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. "மேட்டுப் பாத்திக்குப் போடலாமே," என்றாள்.

மேட்டுப் பாத்தி அண்ணியுடையது. கத்தரி, வெண்டை, பாகல். மழை இல்லாத மாதங்களில் ஆற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றுவாள். அதில்தான் முதுகு போனது. இனி பாரம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்து மறுநாள் காலையே குடத்தைத் தூக்கினவள்.

நான் அலுவலகத்தைத் திட்டத் தயாராக இருந்தேன். அண்ணி விண்ணப்பிக்கச் சொல்கிறாள். யார் மேல் கோபப்படுவது?

மே 29

குழாய் வந்துவிட்டது. கறுப்புக் குழாய், சுருள் சுருளாக. அண்ணன் தொட்டியை மேட்டில் ஏற்றினான். வாடகை மோட்டாரில் ஆற்றுத் தண்ணீர் ஒரு தடவை நிறைத்துவிட்டால் போதும். திருகைத் திறந்ததும் ஒவ்வொரு செடியின் காலடியிலும் சொட்டு, சொட்டு. அண்ணி வரப்பில் உட்கார்ந்து சினிமா பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வானம் இருக்கே, வேணும்ங்கிறப்ப சொட்டாது, வேணாங்கிறப்ப கொட்டும். இது அப்படியா? திறந்தா வருது, மூடினா நிக்குது. இந்த வீட்ல நான் சொன்னதைக் கேக்கற முதல் பொருள் இதுதான்."

"அப்ப நான்?" என்றான் அண்ணன்.

"நீங்க பொருளே இல்லீங்க."

ஒப்புக்கொள்கிறேன், நல்ல குழாய். மேட்டுக்கு அருமையானது. எனக்குக் குழாய் மேல் கோபம் இல்லை. கால் உடைந்தவனுக்குக் கண்ணாடி கொடுத்துவிட்டு, நல்ல கண்ணாடிதானே என்று கேட்கிறார்களே, அதன் மேல்தான் கோபம்.

ஜூன் 17

தாழ்வயலில் நடவு முடிந்தது. அண்ணன் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். பழைய லாரி முதலாளி மறுபடி கூப்பிட்டிருக்கிறார். "இந்தத் தடவையும் போச்சுன்னா வந்துடறேன்," என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தான். துணி காயப்போடுகிற சாக்கில் அண்ணியும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் லாரி ஓட்டின நாட்கள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. என் படிப்புக்காகத்தான் ஓட்டினான். வீட்டுக்கு வந்தால் தூங்குவான், எழுந்தால் கிளம்புவான். அண்ணி கல்யாணமான புதுசில் ஒரு தடவை சொன்னாள்: "உங்க அண்ணன் முகம் எனக்குத் தலைகாணியில பதிஞ்ச அச்சாத்தான் தெரியும்."

இந்த நெல் நிற்க வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

ஜூலை 3

குடை இன்று என்னைக் கூப்பிட்டுத் திட்டினார். குடை எங்கள் அதிகாரி. வெயிலோ மழையோ, குடை விரியாமல் ஜீப்பை விட்டு அவர் கால் இறங்காது. மதகுச் சக்கரத்தைக் கொடுங்கள் சார், ஊரே பார்த்துக்கொள்ளும் என்று கேட்டேன். அதற்குத்தான் திட்டு.

"கதவு அரசாங்கத்துதும்மா. யாராவது திருகி, கை போச்சுன்னா நான்ல பதில் சொல்லணும்?"

"வயல் போனா யார் சார் பதில் சொல்றது?"

"அது இயற்கை."

அலமாரியின் கண்ணாடி வழியாகச் சக்கரம் தெரிகிறது. அதன் மேல் யாரோ டிபன் டப்பா வைத்திருக்கிறார்கள்.

ஜூலை 4

அடுத்த மாதம் முதல் தேதி குழாய் ஆய்வு. பாத்தியில் குழாய் இல்லாத குடும்பத்தின் பெயர் உதவிப் பட்டியலிலிருந்து நீக்கப்படும். விதை, உரம், நஷ்ட ஈடு எதுவும் கிடையாது. சுற்றறிக்கையை நானே தட்டச்சு செய்தேன். பிழை இல்லாமல்.

ஜூலை 20

காலையில் ஆறு சேற்று நிறத்தில் வந்தது. படகுக்கார அக்கா படகைக் கரையில் ஏற்றிக் கட்டிவிட்டாள். அவள் கட்டினால் ஆறு ஏறப்போகிறது என்று அர்த்தம். வானிலை அறிக்கையைவிட அவள் கயிறு நம்பகமானது.

நான் லீவு போட்டேன். அண்ணன் மதகில் இருந்தான். சக்கரம் இல்லாததால் கதவை லாரி ஜாக்கியில்தான் ஏற்றி இறக்குகிறான். கட்டையை முட்டுக்கொடுத்து, ஜாக்கியை நகர்த்தி, மறுபடி முட்டுக்கொடுத்து. கதவு இறங்கியது. அடியிலும் இரண்டு ஓரத்திலும் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. சாக்கைத் திணித்தான். சாக்கு பிய்த்துக்கொண்டு போனது. வைக்கோல் அடைத்தான். அதுவும் போனது.

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன," என்று கரையில் உட்கார்ந்துவிட்டான்.

எனக்கு வந்த ஆத்திரம்! "பழமொழி சொல்றவன் தலை பத்தியா இப்ப பேச்சு? நெல்லுக்கு ஒரு சாண்தான்டா உயிர்!" என்று கத்தினேன். அண்ணனை 'டா' போட்டேன். அவன் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

அப்போது அண்ணி வந்தாள். தோளில் கறுப்புச் சுருள். கழுத்தில் இன்னொன்று, மாலை மாதிரி. பாத்தியிலிருந்து குழாய் முழுவதையும் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"அண்ணி, ஆய்வு இருக்கு," என்றேன்.

"தெரியும். வெள்ளம் வடிஞ்சதும் எடுத்துக் கழுவிப் போட்டுடலாம். ரப்பர் இல்லேன்னுதானே தண்ணி வருது? இதுவும் ரப்பர் மாதிரிதானே? வளையுது, அழுந்துது." பிறகு சுருளைத் தட்டிக்கொடுத்தாள். "சொன்னா கேக்கும்."

குழாயைச் சாக்கில் வைத்து முறுக்கி, வடம் மாதிரி செய்து, அடியில் ஒன்று, ஓரத்துக்கு ஒன்று என்று செருகினோம். கதவை ஒரு விரல் தூக்கி மறுபடி அழுத்தினான் அண்ணன். ஆறு தன் பாரத்தையெல்லாம் வைத்து வெளியிலிருந்து தள்ளியது. தள்ளத் தள்ளக் குழாய் நசுங்கி இடுக்கை அடைத்துக்கொண்டது.

நின்றது. உண்மையாகவே நின்றது. அங்கங்கே கசிவு மட்டும் – சொட்டு, சொட்டு.

படகுக்கார அக்கா கைதட்டிச் சிரித்தாள். "பாசனக் குழா தண்ணிய நிறுத்திப்புட்டுது! ஏ ஆபீஸு, இதை எழுது உன் கம்ப்யூட்டர்ல!"

ஜூலை 21

ஆறு இன்னும் ஏறுகிறது. வயல் நிற்கிறது. அண்ணன் தூங்காமல் மதகிலேயே இருக்கிறான். அண்ணி வெந்நீர்ப் பையை முதுகில் கட்டிக்கொண்டு, குழாயைப் பெற்ற பிள்ளை மாதிரி புகழ்கிறாள்.

ஜூலை 23

எழுதிவிடுகிறேன்.

நாங்கள் ஒன்றை மறந்துவிட்டோம். மதகுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் செய்யக்கூடிய மடத்தனமா அது? உள்ளே வர முடியாத தண்ணீர் வெளியேயும் போக முடியாது. இரண்டு நாளும் வயலில் மழை பெய்துகொண்டேதான் இருந்தது. ஆற்றுக்குப் பயந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம், முதுகுக்குப் பின்னால் வயல் நிறைந்துகொண்டிருந்தது. காலையில் ஆறு இறங்கிவிட்டது. வயலில் நெல்லின் நுனி மட்டும் தெரிந்தது.

கதவைத் தூக்க வேண்டும். தூக்க முடியவில்லை. குழாய் ஊறி, வண்டல் ஏறி, கதவு ஏறி இறங்கும் பள்ளமான காடியில் சிமென்ட் மாதிரி இறுகிவிட்டது. ஜாக்கி ஒரு முறை வழுக்கிச் சுவரில் அடித்தது. அண்ணன் கை தப்பியது எங்கள் நல்ல நேரம்.

"அறுத்துடு அண்ணா," என்றேன். அரிவாள் அவன் இடுப்பில்தான் இருந்தது. மார்பளவுத் தண்ணீரில் நின்று குழாயைக் கையால் இழுத்துக்கொண்டே இருந்தான். நகத்தில் ரத்தம்.

"வந்துரும். முழுசா வந்துரும். இரு."

"அண்ணா, நெல்லு போயிட்டிருக்கு!"

"இரு மிளகா!"

அவன் என்னை அதட்டியதே இல்லை. அண்ணி கரையிலிருந்து குனிய முடியாமல் குனிந்தாள்.

"ஏங்க. குழாயா, நெல்லா?"

அவன் நிமிரவில்லை. "உன் முதுகு."

"என்னது?"

"இதை அறுத்துட்டா மறுபடி குடம் தூக்குவே. எனக்குத் தெரியும் உன்னை. நீ தூக்குவே."

அண்ணி கரை ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"என் முதுகு வலிச்சா தைலம் இருக்கு," என்றாள் அண்ணி. "நெல்லு போனா நீங்க லாரி ஏறிடுவீங்க. அந்த வலிக்கு எந்தக் கடையில தைலம் விக்கிறான்? அறுங்க."

அறுத்தான். மூன்று பக்கமும். ஒவ்வொரு வெட்டுக்கும் அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். ஜாக்கி பிடித்தது, கதவு ஒரு முனகலோடு ஏறியது, வயல் தண்ணீர் பெரிய மூச்சு விட்ட மாதிரி ஆற்றுக்குள் பாய்ந்தது. கறுப்புத் துண்டுகள் அட்டைப்பூச்சி மாதிரி நெளிந்து நெளிந்து போயின.

அண்ணன் கரையேறி அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தான். சேற்றுக் கையை அவள் புடவையிலேயே துடைத்தான்.

"புதுப் புடவைங்க."

"பொருளே இல்லாதவன் துடைச்சா அழுக்கு ஒட்டாது."

நான் அழுதேன். எதுக்குன்னே தெரியல. இவ்வளவு நல்லவங்களை இப்படி ஜாக்கியோட தண்ணியில நிக்க வெச்சவன் எவன்டா? ஒரு முழ ரப்பர். அவ்வளவுதானே கேட்டோம்?

ஜூலை 26

நெல் தலை நிமிர்ந்துவிட்டது. கீழ் ஓரம் கொஞ்சம் போனது. மீதி பச்சை.

ஆகஸ்ட் 1

ஆய்வு. குடை பாத்தி ஓரத்தில் வந்து நின்றார். வெறும் மண், வெறும் தொட்டி.

"குழாய் எங்கம்மா?"

அண்ணி மதகுக்குக் கூட்டிப்போனாள். காடியில் இன்னும் துண்டுகள் சிக்கிக்கொண்டு தொங்குகின்றன. குடை அதைப் பார்த்தார், வயலைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார். ஒரு கணம் குடையை மடக்கிவிட்டார் என்று சத்தியம் செய்வேன்.

"இதை நான் எப்படிம்மா எழுதறது?"

"பார்த்ததை எழுதுங்க சார்," என்றான் அண்ணன்.

"பார்த்ததை எழுதப் படிவத்துல இடம் இல்லப்பா. இருக்கு, இல்ல. ரெண்டுதான்."

ஜீப்பில் ஏறும்போது என்னிடம் மெதுவாக, "'இல்லை'ன்னு நீயே ஏத்திடு. நான் ஏத்தினா என்னவோ மாதிரி இருக்கும்," என்றார்.

அவருக்கு என்னவோ மாதிரி இருக்குமாம்!

ஆகஸ்ட் 2

ஏற்றினேன். ஆனால் 'இல்லை' என்று அல்ல. தலைமை அலுவலகத்துக்கு நேராக, மதகின் படத்தோடு:

"குழாய் பயன்பாட்டில் இருந்தது. இடம்: மதகு. காப்பாற்றியது: கரைக்குக் கீழே இருக்கும் எல்லா வயல்களையும். நீக்க வேண்டியது இந்தக் குடும்பத்தின் பெயரை அல்ல, அந்தக் கதவை."

அனுப்பிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 3

இன்னும் யாரும் கத்தவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 9

கத்திவிட்டார்கள். குடை எழுந்து நின்றுகொண்டே போனில் பேசினார். "ஆமா சார்... தற்காலிகப் பணிதான் சார்... மாசக் கடைசியோட சார்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கோவக்காரிக்கு இந்த நாற்காலி ஒத்துக்காதும்மா."

"உங்களுக்குக் கோவமே வராதா சார்?"

"வந்துச்சு. அப்புறம் ரெண்டு பொண்ணு பொறந்துது."

அண்ணன் பெயரும் பட்டியலிலிருந்து போய்விட்டது. வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெருமுனையிலேயே நின்றேன். சொன்னதும் அண்ணி கேட்டது ஒன்றே ஒன்று: "நீ எழுதினதைப் படிச்சுக் காட்டு." படித்தேன். "இன்னொரு தடவை," என்றாள்.

ஆகஸ்ட் 31

கடைசி நாள். மேசையைத் துடைத்தேன். நாற்காலியின் ஒரு சக்கரம் நொண்டி. அதற்கு முட்டுக்கொடுத்த அட்டையை எடுக்கவில்லை, அடுத்து வருகிறவளுக்கு இருக்கட்டும்.

வாசலில் ஜீப். குடை இறங்காமல், சாக்கில் சுற்றிய ஏதோ ஒன்றை என் கையில் வைத்தார். கனத்தில் கை கீழே போனது.

"என்ன சார்?"

"பழைய இரும்பு. வழியில கிடந்துச்சுன்னு வெச்சுக்கோ. கை பத்திரம்."

மதகுச் சக்கரம். அதன் மேல் டிபன் டப்பா வைத்திருந்த வட்டம் இன்னும் துருவில் தெரிகிறது.

எனக்கு அவர் மேல் கோபம் குறையவில்லை. ஆனால் 'குடை' என்று எழுதும்போது கை ஒரு நொடி நிற்கிறது.

நவம்பர் 19

அறுவடை. மழை நடுவில் வெயில் விழுந்த நாட்களாகப் பார்த்து, கரைக்குக் கீழே எல்லோரும் ஒன்றாக இறங்கினோம். படகுக்கார அக்கா நெல் மூட்டைகளைப் படகில் ஏற்றிக்கொண்டே, "இந்தப் படகு இவ்வளவு தாழ்ந்து போய் எத்தனை நாளாச்சு," என்றாள்.

லாரி முதலாளி போன் செய்தார். அண்ணன் வாசலில் நின்று பேசினான். அண்ணி இம்முறை துணியைச் சாக்காக வைத்துக்கொள்ளவில்லை, நேராகப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

"இல்லண்ணே. வர முடியாது. எனக்கு இங்கேயே ஒரு ஸ்டியரிங் கிடைச்சிருக்கு."

பிப்ரவரி 3

மழை நின்று பல நாள். மேட்டுப் பாத்தி வெடிக்கிறது. காலையில் குடம் தூக்குவது என் வேலை. அண்ணி வரப்பில் உட்கார்ந்து உத்தரவு போடுகிறாள்.

"வேர்ல ஊத்துடி, இலையில ஊத்தாதே! குழா எவ்வளவு அழகா ஊத்துச்சு! அது சொன்னா கேக்கும்."

கதவு அப்படியே இருக்கிறது. சக்கரம் இருப்பதால் ஏற்றி இறக்கலாம். ஆனால் காடியில் சிக்கியிருந்த துண்டுக் குழாயும் போன மழையில் ஆற்றோடு போய்விட்டது. அடுத்த வெள்ளத்துக்கு அடைக்க எங்களிடம் ஒன்றும் இல்லை.

அதனால் இன்று அலுவலகம் போனேன். சன்னலுக்கு இந்தப் பக்கம், வரிசையில். எனக்குப் பின்னால் அண்ணன், அண்ணி, படகுக்கார அக்கா. என் நாற்காலியில் ஒரு புதுப் பெண். நாற்காலி அவளை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டிருந்தது.

"அட்டை கீழே கிடக்குது பாரு. அதை மடிச்சு இடது சக்கரத்துல வை," என்றேன்.

வைத்தாள். நேராக உட்கார்ந்தாள். சிரித்தாள். "என்ன வேணும்க்கா?"

"மதகுக்குக் கதவு."

விசைப்பலகையில் கையை வைத்து எதையோ தேடினாள். அவள் எங்கே தேடுகிறாள், என்ன வரும் என்று எனக்குத் தெரியும். உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. ஆணியில் குடை தொங்கியது. உள்ளே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

உள்ளே கேட்கிற மாதிரியே சொன்னேன்.

"மழைக்கு முன்னாடி வேணும். எந்தத் தேதின்னு சொல்லுங்க."

பெண் திரையைப் பார்த்தாள். உள்ளறையைப் பார்த்தாள். மின்விசிறிக் காற்றில் குடை லேசாக ஆடியது. பின்னாலிருந்து அண்ணி என் தோளில் கை வைத்தாள் – போகலாம் என்று அல்ல, இன்னொரு தடவை என்று.

"தேதி சொல்லுங்க."